ஆன்மாவின் மருந்தகம்: சாங்க்ட் காலன் மடாலயத்தின் வரலாறும் கட்டடக்கலையும்

சுவிட்சர்லாந்தின் வடகிழக்குப் பகுதியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்குத் தெற்கே உள்ள குன்றுகளின் நடுவே சாங்க்ட் காலன் என்னும் நகரம் அமைந்துள்ளது. அந்நகரின் பெயரே அங்கிருந்த மடாலயத்திலிருந்து பிறந்தது. புனித கால்லுஸ் என்னும் துறவியின் பெயர் மடத்துக்கு ஆகி, மடத்தின் பெயர் ஊருக்கு ஆகி, இன்று அதனைச் சூழ்ந்த மாநிலத்துக்கும் அதுவே பெயராக வழங்குகிறது. மடாலயத்தில் துறவியர் வாழ்ந்த காலம் 1805ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. எனினும் அதன் இரட்டைக் கோபுரத் தேவாலயமும் நூலக மண்டபமும் ஐரோப்பியப் பரோக் கலையின் முதன்மையான சான்றுகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. 1983ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இவ்வளாகத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கட்டடக்கலை வரலாறு எழுதுவோர் இம்மடாலயத்தைப் பற்றிப் பேசும்போது அதன் சுதை வேலைகளையும் கூரை ஓவியங்களையும் விரித்துரைப்பர். மொழி வரலாறு எழுதுவோர் அதன் சுவடிகளைப் பற்றி மட்டும் பேசுவர். இவ்விரு வரலாறுகளையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கமாகும். இன்று நாம் காணும் கட்டடத்துக்கு வயது ஏறத்தாழ 250 ஆண்டுகள். அது காத்துவரும் சுவடிகளுள் பலவற்றுக்கு வயது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல். இத்துணைப் பழைய சொற்களுக்கு இத்துணைப் புதிய மாளிகை ஏன் எழுந்தது? மாளிகையை எழுப்பியவர்கள் மறைந்த பின்னும் சொற்கள் எவ்வாறு எஞ்சின? ஆசிரியர்களும் மாணவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாக்கள் இவை.

1. குடிலிலிருந்து மடம்

அயர்லாந்தைச் சேர்ந்த கொலம்பானுஸ் என்னும் துறவி, தம் சீடர்களுடன் ஐரோப்பியப் பெருநிலத்தில் சமயப்பணி செய்துவந்தார். அவர் கான்ஸ்டன்ஸ் ஏரிப் பகுதியை விட்டு இத்தாலிக்குப் புறப்பட்டபோது, அவருடன் வந்த கால்லுஸ் நோயுற்றதால் பின்தங்கினார் என்று மரபு கூறுகிறது. 612ஆம் ஆண்டளவில் ஸ்டைனாக் என்னும் சிற்றாற்றின் கரையில், காட்டின் நடுவே, அவர் ஒரு குடில் அமைத்துத் தங்கினார். கரடி ஒன்று அவருக்கு விறகு சுமந்து தந்தது என்னும் கதை இன்றளவும் அவ்வூரில் வழங்குகிறது. ஊரின் சின்னத்திலும் கரடியே இடம்பெற்றுள்ளது.

கால்லுஸ் மடம் எதனையும் நிறுவவில்லை. அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின், 719ஆம் ஆண்டில் ஒத்மார் என்பவர் அவ்விடத்தில் ஒரு துறவியர் குழுவை ஒழுங்குபடுத்தி அதன் முதல் மடத்தலைவரானார். 747ஆம் ஆண்டில் புனித பெனடிக்டின் ஒழுக்கநெறி அங்கு ஏற்கப்பட்டது. வேண்டுதல், உடலுழைப்பு, படிப்பு என நாளைப் பகுத்துத் தரும் நெறி அது. படிக்க வேண்டுமெனில் நூல் வேண்டும். நூல் வேண்டுமெனில் படியெடுப்போர் வேண்டும். படியெடுப்போர் வேண்டுமெனில் பள்ளி வேண்டும். ஆகவே பெனடிக்டின் நெறியை ஏற்ற மடங்களில் நூலகமும் எழுத்துக்கூடமும் பள்ளியும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன. 9ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுதப்பட்ட இம்மடத்தின் நூற்பட்டியல் இன்றும் கிடைக்கிறது. அதில் அயர்லாந்து எழுத்துமுறையில் எழுதப்பட்ட நூல்களுக்கெனத் தனிப் பட்டியலே உண்டு. சில நூல்களின் பெயரருகே அவை பயனற்றவை என்று கண்டிக்கும் குறிப்புகளும் உள்ளன. நூலகர் தம் நூல்களைப் படித்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

2. வரைதோலில் ஒரு மடாலயம்

சாங்க்ட் காலன் நூலகத்தின் அரும்பொருள்களுள் ஒன்று, கட்டப்படாத ஒரு மடத்தின் வரைபடம். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கான்ஸ்டன்ஸ் ஏரியின் ரைக்கெனவ் தீவு மடத்தில் வரையப்பட்டு, சாங்க்ட் காலன் மடத்தலைவர் கோஸ்பெர்ட்டுக்கு அது அனுப்பப்பட்டது. ஐந்து வரைதோல்களை ஒன்றாகத் தைத்து அமைத்த அப்படம் ஏறத்தாழ 112 சென்டிமீட்டர் நீளமும் 77 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. தேவாலயம், உணவுக்கூடம், துயிலிடம், பள்ளி, நோயாளர் இல்லம், மூலிகைத் தோட்டம், அடுமனை, கோழிக்கூடு என மடத்துக்கு வேண்டிய எல்லாமே அதில் இடம்பெற்றுள்ளன. கல்லறைத் தோட்டமும் பழமரத் தோட்டமும் ஒன்றாகவே வரையப்பட்டுள்ளன. ஒவ்வோர் இடத்துக்கும் இலத்தீனில் விளக்கக் குறிப்பு உண்டு. அத்தகைய குறிப்புகள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை.

தேவாலயத்தின் திருப்பீடப் பகுதியை ஒட்டி அப்படத்தில் ஒரு சிறு சதுரக் கட்டடம் காணப்படுகிறது. கீழ்த்தளத்தில் எழுதுவோர் இருக்கைகள், மேல்தளத்தில் நூலகம் என்று அதன் குறிப்பு கூறுகிறது. இவ்வமைப்பு, நூலகத்துக்கு மடத்தில் என்ன இடம் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. அது வழிபாட்டிடத்தின் அண்டை வீடாக விளங்கியது.

கோஸ்பெர்ட் இப்படத்தின்படி மடத்தை அப்படியே கட்டவில்லை. ஆயினும் 830களில் அவர் ஒரு பெரிய தேவாலயத்தை எழுப்பினார். படமோ மறைந்தே போயிருக்கக்கூடும். அது தப்பியதற்குக் காரணம் சிறிது வேடிக்கையானது. 12ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி, புனித மார்ட்டினின் வரலாற்றை எழுத அதன் வெறுமையான பின்பக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டார். இடம் போதாமற் போகவே, முன்பக்கத்து மூலையில் இருந்த கோடுகளுள் சிலவற்றைச் சுரண்டிவிட்டு எஞ்சிய வரிகளை எழுதி முடித்தார். பின்பு அத்தோல் மடிக்கப்பட்டு நூலாகப் பேணப்பட்டது. ஒரு மூலையை அழித்த அதே செயல் எஞ்சிய படம் முழுவதையும் காத்தது.

3. வரிகளுக்கிடையே வாழ்ந்த மொழிகள்

மடத்தின் வழிபாட்டுக்கும் கல்விக்கும் உரிய மொழி இலத்தீன். அங்கு வந்து சேர்ந்த இளைஞர்களின் தாய்மொழியோ ஜெர்மானிய மொழியின் அலெமானிய வழக்கு. பள்ளியறையில் இவ்விரு மொழிகளும் சந்தித்த இடத்திலேதான் ஜெர்மன் எழுத்து வரலாறு தொடங்குகிறது.

'அப்ரோகன்ஸ்' என்னும் சொல்லகராதி இதற்கு முதற் சான்று. அரிய இலத்தீன் சொற்களுக்கு எளிய இலத்தீன் சொற்களைப் பொருளாகத் தந்த பழைய தொகுப்பு ஒன்றுக்கு, 8ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பொருள் சேர்க்கப்பட்டது. அதன் பழம்படிகளுள் ஒன்று சாங்க்ட் காலனில் உள்ளது. ஜெர்மன் மொழியின் மிகப் பழைய நூல் என இப்படியே போற்றப்படுகிறது. நூலுக்குத் தனிப் பெயர் கிடையாது. அகரவரிசையில் முதலாவதாக வரும் இலத்தீன் சொல்லே பெயராகிவிட்டது. பணிவுடையவன் என்பது அச்சொல்லுக்கு அங்கே தரப்பட்டுள்ள பொருள். இத்தொகுப்பிலிருந்து ஏறத்தாழ 3,670 பழைய ஜெர்மன் சொற்கள் நமக்குக் கிடைக்கின்றன. அதே சுவடியின் இறுதியில் இயேசு கற்பித்த இறைவேண்டலும் விசுவாச அறிக்கையும் அலெமானிய வழக்கில் எழுதப்பட்டுள்ளன.

அதே நூற்றாண்டைச் சேர்ந்த மற்றொரு சொற்றொகுப்பு உள்ளங்கையில் அடங்கும் அளவினது. அதில் சொற்கள் அகரவரிசையில் அமையாமல் பொருள்வகையால் தொகுக்கப்பட்டுள்ளன. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனத் தொகுதி வகுத்துச் செல்லும் நம் நிகண்டுகளைப் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. எனினும் நிகண்டு செய்யுளாகி மனப்பாடத்துக்கு உதவியது. இச்சிறு நூலோ பையில் வைத்துச் செல்லும் கையேடாக, வேற்றுநாட்டிலிருந்து வந்த சமயப் பணியாளருக்கு உதவியது என்று கருதுவர்.

மூன்றாவது சான்று அயர்லாந்துக்கு உரியது. பிரிஸ்கியன் எழுதிய இலத்தீன் இலக்கணத்தின் படி ஒன்று, 850ஆம் ஆண்டையொட்டி அயர்லாந்தில் எழுதப்பட்டுப் பின்னர் இம்மடத்தை வந்தடைந்தது. அதன் வரிகளுக்கு இடையிலும் ஓரங்களிலும் ஆயிரக்கணக்கான குறிப்புகள் உள்ளன. அவற்றுள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை பழைய ஐரிஷ் மொழியில் அமைந்தவை. சில ஓரக்குறிப்புகள் ஓகம் என்னும் பழைய கோட்டெழுத்தில் கீறப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, முந்தைய நாள் குடித்த மதுவின் மயக்கத்தைக் குறிக்கும் சொல். இலக்கணப் பாடத்தின் ஓரத்தில் தம் தலைவலியைப் பதிவு செய்த அந்த எழுத்தர், தம் சொல் ஆயிரம் ஆண்டுகள் கழித்துப் படிக்கப்படும் என எண்ணியிருக்கமாட்டார். அயர்லாந்தில் அக்காலத்துச் சுவடிகள் பெரும்பாலும் அழிந்துபோயின. ஆகவே பழைய ஐரிஷ் மொழியை மீட்டறிய வெளிநாட்டு மடங்களின் குறிப்புகளே துணையாயின. 1853ஆம் ஆண்டில் யோஹான் காஸ்பர் ஸோய்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட கெல்டிய மொழி இலக்கணம், கெல்டிய மொழியியலுக்கு அடித்தளமாயிற்று. அவர் பயன்படுத்திய மூலங்களுள் சாங்க்ட் காலன் குறிப்புகளும் அடங்கும்.

இம்மடத்துப் பள்ளியின் தலைசிறந்த ஆசிரியர் நோட்கர். அவர் பெயரில் மடத்தில் பலர் இருந்தமையால், தடித்த உதடுடையவர் என்னும் பொருளில் நோட்கர் லாபேயோ என்று அவரை அழைத்தனர். ஜெர்மானிய நோட்கர் என்றும் அவருக்குப் பெயருண்டு. 1022ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் மறைந்த அவர், போயெத்தியுசின் மெய்யியல் நூலையும் அரிஸ்டாட்டிலின் அளவையியல் நூல்களையும் திருப்பாடல்களையும் தம் மாணவர்க்காக ஜெர்மனில் பெயர்த்தார்; விளக்கமும் எழுதினார். ஆயர் ஒருவருக்கு எழுதிய மடலில் தம் முயற்சியின் காரணத்தை அவர் விளக்குகிறார். அயல்மொழியில் அரைகுறையாகவே விளங்கும் ஒன்று தாய்மொழியில் விரைந்து விளங்கும் என்பதே அவர் கருத்து. இது வழக்கத்துக்கு மாறான முயற்சி என்பதையும் அவர் அறிந்தே இருந்தார்.

நோட்கரின் எழுத்துமுறை தமிழ் மாணவர்க்குத் தனியார்வம் தருவது. சொல்லின் முதலில் வரும் சில வல்லொலிகளை, முன்னுள்ள சொல்லின் இறுதி ஒலிக்கேற்ப அவர் மாற்றி எழுதினார். சகோதரன் என்னும் பொருளுடைய அவர்தம் சொல், தொடரின் தொடக்கத்தில் வரும்போது நம் 'பல்' என்பதிலுள்ள பகரம்போல் வலிந்து தொடங்கும். உயிரொலிக்கோ ன், ம், ர், ல் போன்ற ஒலிகளுக்கோ பின் வரும்போது 'கம்பம்' என்பதிலுள்ள பகரம்போல் மென்மை பெறும். தமிழில் இவ்விரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்துத்தான். எங்கே வலிந்து ஒலிப்பது, எங்கே மெலிந்து ஒலிப்பது என்பதைப் பேசுவோரின் நாவே அறியும். நோட்கரிடம் அதற்கு இரண்டு எழுத்துகள் இருந்தன. எனவே செவியில் விழுந்ததை அவர் அப்படியே பதிந்தார். இரு மொழிகளும் உறவுடையன அல்ல. ஆயினும் ஒலிச்சூழலால் எழுத்தின் ஒலி மாறும் என்பதை உற்றுக் கேட்ட ஓர் ஆசிரியரை நாம் இங்கே காண்கிறோம். மொழியியலார் இவ்வொழுங்கை இன்றும் நோட்கரின் விதி என்றே வழங்குகின்றனர்.

4. இழப்பின் நான்கு காலங்கள்

இச்சுவடிகள் தடையின்றி நம்மை வந்தடையவில்லை. 926ஆம் ஆண்டில் ஹங்கேரியப் படைகள் சாங்க்ட் காலனைத் தாக்கின. மடத்தருகே தனியறையில் நோன்பிருந்த விபோராதா என்னும் பெண் துறவி வரவிருக்கும் ஆபத்தை முன்னுணர்ந்து எச்சரித்தார் என்பர். முதலில் நூல்களைக் காப்பாற்றுங்கள். திருக்கலங்களை அதன் பின் காப்பாற்றலாம் என்பதே அவர் சொன்ன அறிவுரை. துறவியர் தப்பினர். நூல்கள் ரைக்கெனவ் மடத்துக்கு அனுப்பப்பட்டன. தம் அறையை விட்டு வெளிவர மறுத்த விபோராதா கொல்லப்பட்டார். 1047ஆம் ஆண்டில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. திருத்தந்தையால் முறைப்படி புனிதராக அறிவிக்கப்பட்ட முதற் பெண் அவரே. நூலகங்களின் காவலராக இன்றும் அவர் போற்றப்படுகிறார். ரைக்கெனவிலிருந்து திரும்பி வந்த நூல்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது. நூல்கள்தாம் அதே நூல்களாக இல்லை என்று மடத்தின் வரலாற்றாசிரியர் எக்கெஹார்ட் குறும்புடன் எழுதியுள்ளார். 937ஆம் ஆண்டின் தீயையும் மடம் கண்டது.

இரண்டாவது இழப்பு புறக்கணிப்பால் நேர்ந்தது. நடுக்காலத்தின் பிற்பகுதியில் மடத்தின் கல்வி தளர்ந்தது. 1416ஆம் ஆண்டில், கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்துக்கு வந்திருந்த இத்தாலிய அறிஞர் போஜியோ பிராச்சியோலினி இங்கு வந்தார். ஒரு கோபுரத்தின் அடியில், இருட்டறையில், தூசி படிந்து கிடந்த நூல்களிடையே குவின்டிலியனின் சொற்கலை நூல் முழுமையாக இருப்பதைக் கண்டார். அதுவரை இத்தாலிய அறிஞர்கள் அறிந்திருந்தவை குறைப்படிகளே. போஜியோ மகிழ்ந்தார். மடத்தவரின் அசட்டையைக் கடுமையாகச் சாடவும் செய்தார்.

மூன்றாவது காலம் சமயச் சீர்திருத்தத்தின் காலம். நகர மக்கள் சீர்திருத்த நெறியை ஏற்றனர். 1529ஆம் ஆண்டில் மடத்துத் தேவாலயத்தின் உருவங்கள் உடைக்கப்பட்டன, துறவியர் வெளியேறினர். 1532இல் அவர்கள் மீண்டபோது, தம்மைச் சுற்றிலும் வேறு நெறியைப் பின்பற்றும் நகரம் இருப்பதைக் கண்டனர். 1566ஆம் ஆண்டின் உடன்படிக்கையை அடுத்து இரு தரப்புக்கும் இடையே உயர்ந்த மதிற்சுவர் எழுந்தது. நகரத்தின் தலைவரும் சீர்திருத்தத்தின் முதல்வருமான வாடியான் தாமும் சிறந்த அறிஞர். மடத்துச் சுவடிகளின் மதிப்பை அவர் நன்கு அறிந்திருந்தார்.

நான்காவது இழப்பே பரோக் கட்டடத்துக்கு உடனடிப் பின்னணியானது. 1712ஆம் ஆண்டின் டோகன்பர்க் போரில் சூரிச், பெர்ன் படைகள் மடத்தைக் கைப்பற்றின. நூலகம் முழுவதும் வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டது. 1718ஆம் ஆண்டின் அமைதி உடன்பாட்டுக்குப் பின் பெரும்பகுதி திரும்பி வந்தது. சூரிச்சில் தங்கிவிட்ட ஒரு பகுதி மட்டும் வரவில்லை.

5. பரோக் மடாலயம் எழுகிறது

முப்பது ஆண்டுகளில் மடம் மீண்டும் வலுப்பெற்றது. 1740ஆம் ஆண்டில் மடத்தலைவரான செலஸ்டின் குக்கர் நிருவாகத்தைச் சீர்செய்தார், வருவாயைப் பெருக்கினார். மடத்தலைவர் என்பவர் சமயத் தலைவராக மட்டுமின்றிச் சிற்றரசராகவும் நிலப்பகுதியை ஆண்ட காலம் அது. 1755ஆம் ஆண்டில் பழைய தேவாலயம் இடிக்கப்பட்டுப் புதியது தொடங்கப்பட்டது. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த நிலவறைகளின் பகுதிகள் மட்டும் புதிய தரையின் கீழ் காக்கப்பட்டன.

பரோக் என்னும் சொல், வடிவம் கோணிய முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர். தொடக்கத்தில் இகழ்ச்சியாக வழங்கிய அச்சொல் பின்னர் ஒரு கலைக்காலத்தின் பெயராயிற்று. நேர்கோட்டுக்குப் பதில் வளைகோடு, அமைதிக்குப் பதில் அசைவு, பிரிந்து நிற்கும் உறுப்புகளுக்குப் பதில் ஒன்றில் ஒன்று கலக்கும் இடங்கள் ஆகியவை அக்கலையின் இயல்புகள். கட்டடம், சிற்பம், ஓவியம் மூன்றும் தனித்தனியே நில்லாமல் ஒரே காட்சியாகக் கண்முன் விரிய வேண்டும் என்பது அதன் குறிக்கோள்.

தேவாலயத்தின் நடுப்பகுதியைக் கட்டியவர் பீட்டர் தும்ப். அவர் ஃபோராள்பெர்க் பகுதியைச் சேர்ந்தவர். இன்றைய ஆஸ்திரியாவின் மேற்கெல்லையில் உள்ள அம்மலைநாடு, தலைமுறை தலைமுறையாகக் கட்டடத் தொழிலில் தேர்ந்த குடும்பங்களைத் தந்தது. கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள பிர்னவ் தேவாலயமும் அவரது படைப்பே. கிழக்குப் பகுதியையும் இரட்டைக் கோபுர முகப்பையும் 1760களில் அமைத்தவர் யோஹான் மிக்கேல் பேர். கோபுரங்கள் 68 மீட்டர் உயரமுடையவை.

உள்ளே நுழைவோர் முதலில் உணர்வது ஒருவகைச் சமநிலை. நீண்ட மண்டபத்தின் நடுவே வட்டமான ஒரு பெருங்கூடம் உள்ளது. அதன் கிழக்கே துறவியர் வழிபட்ட பகுதி. மேற்கே மக்கள் நின்ற பகுதி. இரண்டும் ஏறத்தாழ ஒத்த நீளம் கொண்டவை. மடத்துக்குரிய கோயிலாகவும் மக்களுக்குரிய கோயிலாகவும் ஒரே கட்டடம் பயன்பட வேண்டியிருந்தது. அத்தேவையைக் கட்டடக் கலைஞர் மறைக்கவில்லை. நடுவட்டத்தைக் கொண்டு இரண்டையும் இணைத்தார். வெண்சுவரின்மேல் பசுங்கல்லின் நிறத்தில் சுதை வேலைகள் படர்கின்றன. கிறிஸ்டியான் வென்ட்சிங்கரின் தலைமையில் சிற்பங்களும், யோசெஃப் வானன்மாக்கரின் கையால் கூரை ஓவியங்களும் உருவாயின. வட்டக்கூடத்தின் கூரையில் வானவர் சூழ்ந்த விண்ணுலகம் தீட்டப்பட்டுள்ளது. துறவியர் அமர்ந்து பாடும் மரஇருக்கைகளை யோசெஃப் அந்தோன் ஃபோய்க்ட்மாயர் செதுக்கினார். புனித பெனடிக்டின் வாழ்க்கைக் காட்சிகள் அவற்றில் புடைப்புச் சிற்பங்களாக விளங்குகின்றன.

6. நூலக மண்டபம்

தேவாலயத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1758ஆம் ஆண்டில் நூலகத்தின் வேலையும் தொடங்கியது. கோயில் முடியட்டும், நூலகம் பிறகு என்று மடம் காத்திருக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் வண்டியேற்றப்பட்ட நூல்களுக்குத் தகுதியான இடம் அளிக்க வேண்டும் என்னும் உறுதி இதில் வெளிப்படுகிறது எனலாம். பீட்டர் தும்பும் அவர்தம் மகனும் பொறுப்பேற்ற அம்மண்டபம் 1767ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. மரவேலைகளை மடத்துச் சகோதரரான கபிரியேல் லோசர் மேற்பார்த்தார்.

வாயிலின் மேல் கிரேக்க எழுத்தில் இரண்டு சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆன்மாவின் மருந்தகம் என்பது அவற்றின் பொருள். எகிப்திய மன்னன் ஒருவனின் நூலக வாயிலில் இத்தகைய பெயர் இருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் தியொதோருஸ் குறித்துள்ளார். அங்கிருந்து எடுத்தாளப்பட்ட தொடர் இது.

மண்டபம் ஏறத்தாழ 28 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. இரண்டு தளங்களாக நூலடுக்குகள் எழுகின்றன. அவற்றுக்கிடையே மேல்மாடம் ஒன்று அலைபோல் முன்னும் பின்னுமாக வளைந்து செல்கிறது. சுவரிலிருந்து முன்னீட்டி நிற்கும் தூண்களின் பக்கங்களிலும் நூல்கள் அடுக்கப்பட்டுள்ளன. இரு புறத்துச் சாளரங்களின் வழியே பகலொளி தாராளமாக உள்ளே வருகிறது. நெருப்புக்கு அஞ்சி விளக்கேற்றாத அக்காலத்தில், நூலகத்துக்குச் சாளரமே விளக்கு. விண்மீன் வடிவங்களைப் பல்வகை மரத்துண்டுகளால் பதித்த தரையைக் காக்க, வருவோர் இன்றும் தம் காலணிக்கு மேல் மென்கம்பளிக் காலணி அணிந்தே நடக்கின்றனர். மேல்மாடத்து மாடங்களில் சிறுவர் உருவச் சிலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கலையையோ தொழிலையோ குறிக்கும்.

கூரையில் நான்கு பெரிய ஓவியங்கள் உள்ளன. 325ஆம் ஆண்டின் நிக்கேயா, 381ஆம் ஆண்டின் கான்ஸ்டாண்டினோபிள், 431ஆம் ஆண்டின் எபேசு, 451ஆம் ஆண்டின் கால்செதோன் ஆகிய நான்கு திருச்சபைப் பொதுச்சங்கங்களை அவை காட்டுகின்றன. நூலகத்தின் கூரையில் சங்கக் கூட்டங்கள் ஏன்? அச்சங்கங்களின் வழக்குகள் பெரிதும் சொல்லாராய்ச்சியாகவே நிகழ்ந்தன என்பதை நினைவிற்கொண்டால் விடை விளங்கும். நிக்கேயாவில் ஏற்கப்பட்ட ஒரு கிரேக்கச் சொல்லைச் சுற்றி அந்நூற்றாண்டு முழுவதும் வாதம் நடந்தது. அச்சொல்லில் ஓர் எழுத்தைக் கூட்டினால், ஒரே இயல்பு என்பது ஒத்த இயல்பு என்று பொருள் மாறிவிடும். ஓர் எழுத்துக்காகப் பேரரசுகள் கலங்கிய காலம் அது. நூல்களின் மேற்கூரையாக அமைய அதைவிடப் பொருத்தமான காட்சி வேறில்லை.

மண்டபம் முடிந்த மறு ஆண்டே, 1768இல், அடுத்த மடத்தலைவர் பேடா அங்கெர்ன் ஒரு பெருஞ்செயல் செய்தார். சுவிஸ் வரலாற்றறிஞர் எகீடியுஸ் சூடி விட்டுச்சென்ற சுவடித் தொகுப்பை விலைகொடுத்து வாங்கினார். 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நிபெலுங்கர் காப்பியத்தின் முதன்மையான படிகளுள் ஒன்று அவ்வாறே இங்கு வந்து சேர்ந்தது. அக்காப்பியத்தின் பெருமையைப் பலரும் உணராத காலத்தில் நேர்ந்த வரவு இது.

7. துறவியர் இல்லாத மடம்

மண்டபம் நிறைவுற்று நாற்பது ஆண்டுகள்கூட மடம் நிலைக்கவில்லை. 1798ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சியின் அலை சுவிட்சர்லாந்தை அடைந்தது. மடத்தலைவரின் ஆட்சியுரிமை முடிந்தது. 1803இல் சாங்க்ட் காலன் தனி மாநிலமாயிற்று. 1805ஆம் ஆண்டு மே மாதம் மாநிலப் பேரவை மடத்தையே கலைத்தது.

அக்காலத்தில் ஐரோப்பாவில் கலைக்கப்பட்ட மடங்கள் பலவற்றின் நூல்கள் தலைநகர்களுக்குச் சென்றன, ஏலத்தில் போயின, எடைக்கும் விற்கப்பட்டன. சாங்க்ட் காலனில் அவ்வாறு நிகழவில்லை. போருக்கு அஞ்சி வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டிருந்த சுவடிகள் திரும்பக் கொண்டுவரப்பட்டன. நூலகம் அம்மாநிலக் கத்தோலிக்க மக்களின் பொதுவுடைமையாக அதே மண்டபத்தில் நிலைபெற்றது. மடத்தில் துறவியாக இருந்து, பின்னர் அதன் வரலாற்றை எழுதிய இல்டெஃபோன்ஸ் ஃபோன் ஆர்க்ஸ், சுவடிகளை ஒழுங்குபடுத்தும் பணியைத் தொடர்ந்தார். தேவாலயம் பின்னர் ஆயரின் தலைமைக் கோயிலாயிற்று. துறவியர் எழுப்பிய மாளிகை அவர்களுடையதாக இல்லாமற் போயிற்று. ஆயினும் மாளிகையும் நூலும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியவில்லை.

1712இல் பிரிந்தவற்றின் கதை நம் காலத்தில்தான் முடிவுக்கு வந்தது. சாங்க்ட் காலனுக்கும் சூரிச்சுக்கும் இடையே கூட்டாட்சி அரசின் நடுவுநிலையில் பேச்சு நடந்து, 2006ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. உடைமையுரிமை சூரிச்சுக்கே என்பதை ஒரு தரப்பு ஏற்றது. அப்பொருள்கள் சாங்க்ட் காலனின் அடையாளத்தைச் சேர்ந்தவை என்பதை மறுதரப்பு ஏற்றது. ஒரு தொகுதிச் சுவடிகள் கால வரையறையற்ற இரவலாகத் திரும்பின. மடத்துக்கு உரியதாயிருந்த பெரிய உலக உருண்டை சூரிச்சிலேயே தங்க, அதனைப் போன்ற மற்றொன்று செய்து தரப்பட்டது. கைப்பற்றியவன் உரிமையும் இழந்தவன் நினைவும் ஒருசேர மதிக்கப்பட்ட தீர்வு இது. இன்று நூலகத்தில் ஏறத்தாழ 2,100 கையெழுத்துச் சுவடிகள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 400 சுவடிகள் ஆயிரமாம் ஆண்டுக்கு முற்பட்டவை. பெரும்பாலானவற்றின் படங்களை எவரும் இணையத்தில் காணலாம்.

8. நிறைவுரை

இவ்வரலாற்றை ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. மடத்தைக் கட்டியவர்கள் பெரிதாக மதித்தவை இறையியல் நூல்களும் அழகிய வழிபாட்டு நூல்களும் ஆகும். பொன்னெழுத்தும் தந்த அட்டையும் அவற்றுக்கே கிடைத்தன. மொழி வரலாற்றுக்கு இன்று ஈடிணையற்றவையாக விளங்குபவையோ எளிய பள்ளிப் பொருள்கள்: மாணவனுக்காக எழுதிய பொருட்குறிப்பு, பையில் வைத்த சொற்பட்டியல், ஆசிரியர் தம் வகுப்புக்காகச் செய்த மொழிபெயர்ப்பு. இவற்றை எழுதியோர் மொழியைக் காக்கிறோம் என்று எண்ணி எழுதவில்லை. பாடம் விளங்க வேண்டும் என்றே எழுதினர். விளங்கச் செய்யும் முயற்சியே மொழியைக் காத்தது.

எனினும் அம்முயற்சி மட்டும் போதியதாக இருந்திருக்காது. வரியிடையில் எழுதிய சொல் ஆயிரம் ஆண்டு வாழ, அதற்குப் பெட்டியும் பட்டியலும் கூரையும் வேண்டும். ஆபத்தில் முதலில் நூலைத் தூக்கு என்று சொல்லும் ஒருவர் வேண்டும். எதிரியின் கையிலிருந்து திருப்பிக் கேட்க ஒரு நிறுவனம் வேண்டும். அந்நிறுவனமே மறைந்த பின் பொறுப்பேற்க மக்கள் வேண்டும். பரோக் மண்டபத்தின் அழகு இத்தொடரின் ஒரு கண்ணி. காண்போர் வியக்கும் இடத்தில் வைக்கப்பட்ட நூலை அழிக்கக் கை எளிதில் எழாது. அழகு இங்கே காவலாகவும் பயன்பட்டது.

நம் பள்ளிகளிலும் சங்கங்களிலும் பழைய பாடக் குறிப்பேடுகள், கையெழுத்து இதழ்கள், ஆண்டு மலர்கள், வட்டார வழக்குச் சொற்றொகுப்புகள் ஆகியவை அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றுள் எது நாளைய ஆய்வாளருக்கு அரும்பொருளாகும் என்பதை இன்று நாம் கணிக்க முடியாது. அப்ரோகன்சைப் படியெடுத்தவரும் கணித்திருக்க முடியாது. ஆனால் பட்டியலிட முடியும். தூசி தட்ட முடியும். எங்கே இருக்கிறது என்று அடுத்தவருக்குச் சொல்ல முடியும். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஒரு விடுமுறையில் தொடங்கக்கூடிய பணி இது.